மலையேறிய மைதா

போளூர்ப் பக்கமாக ஏறினாலும் வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஏறினாலும், ஜவ்வாது மலை மேலே உள்ள ஜமுனாமரத்தூருக்குப் போகும் சாலையில் எதிரெதிரே போகும் இரண்டு வகை மூட்டைகளைப் பார்க்கலாம். கீழே இறங்குவது சாமை. மேலே ஏறுவது மைதா. இறங்கும் மூட்டைக்கு விலை சொல்கிறவர் கீழே இருக்கிறார். ஏறும் மூட்டைக்கு விலை சொல்கிறவரும் கீழேதான் இருக்கிறார். மலைக்காரருக்கு என்று விட்டுவைத்திருக்கும் உரிமை ஒன்றுதான்: இரண்டு மூட்டையையும் தூக்கி வைக்கலாம்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் குளூட்டன். பரோட்டா மாவை வீசி வீசி இழுத்தாலும் கிழியாமல் வருவது அதன் புண்ணியத்தில்தான். சாமையில் அது இல்லை. தினையிலும் வரகிலும் கேழ்வரகிலும் நெல்லிலும் இல்லை. எனவே குளூட்டன் ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர் ஒருவர் தமிழ்நாட்டில் எங்கே போய் நிம்மதியாக இலை போட்டு உட்காரலாம் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் ஜவ்வாது மலையைத்தான் கைகாட்டுவார்கள். சாமைக்குப் பேர்போன மலை அல்லவா? கைகாட்டுகிறவர்கள் அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சீலியாக் நோய், அதாவது குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய், உள்ள ஒரு பெண், பன்னிரண்டு வயது என்று வைத்துக்கொள்வோம். மலையில் ஏதோ ஒரு சிறுதானிய விழா. அம்மா அவளை அழைத்துக்கொண்டு வருகிறாள். இப்படி ஒரு விழா நடந்ததாக நான் சொல்லவில்லை. நடந்தால் எப்படி நடக்கும் என்று எனக்கும் தெரியும், படிக்கிற உங்களுக்கும் தெரியும்.

பேருந்தை விட்டு இறங்கியதும் பசி. எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை.

"என்ன இருக்குதுங்க?"

"பரோட்டா, சப்பாத்தி, பூரி, கோதுமை தோசை, ரவா தோசை, சேமியா இருக்குதுக்கா."

"கோதுமை இல்லாம ஏதாவது?"

"அப்ப பரோட்டா சாப்புடுங்க. அது மைதாக்கா. கோதுமை கலக்கறதே இல்ல."

அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மைதா மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது என்று நம்பும் பட்டதாரிகளை எனக்குத் தெரியும். மைதா கெட்டது, கோதுமை நல்லது என்று பத்துப் பதினைந்து வருடமாக மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஓதிய கூட்டம், இரண்டும் ஒரே மணியின் மாவு என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கோதுமை ரவைக்குக் கிடைத்திருக்கும் வைத்தியர் பட்டம் பறிபோய்விடுமே.

தமிழ்நாட்டில் கோதுமை வெறும் தானியமில்லை, மருந்து. சர்க்கரை நோய் என்று சீட்டெழுதினால் ராத்திரிக்குச் சப்பாத்தி. உடம்பு இளைக்க வேண்டுமா, சப்பாத்தி. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறாரா, ரெண்டு பிரெட்டைப் பாலில் நனைத்துக் கொடு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ரொட்டிப் பாக்கெட்டும் பார்லி மால்ட் பாட்டிலும் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை. இப்படிப்பட்ட நாட்டில், "எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் கோதுமை வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் எப்படிப் பார்ப்பார்கள்? பைத்தியத்தைப் பார்ப்பதுபோலத்தான்.

"சரிங்க, சாதா தோசை?"

"இருக்குது."

"பரோட்டா போடற கல்லுலயா?"

"வேற கல்லு ஏதுக்கா? கூட்டிட்டு ஊத்தறேன்."

கூட்டுவது அந்தச் சின்னத் துடைப்பத்தால். காலையிலிருந்து பரோட்டா மாவுத் தூளையும் சப்பாத்தித் தவிட்டையும் கூட்டிக் கூட்டி, அந்தத் துடைப்பமே ஒரு கோதுமை வயலாக ஆகியிருக்கும். இட்லி விடிகாலையிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் சோறும் சாம்பாரும். அம்மா இங்கேயும் நிற்கிறாள். சாம்பாரில் பெருங்காயம் இருக்கும். கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினோடு வேறு பிசினும் மாவும் சேர்த்தது. சேர்க்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதியே அனுமதிக்கிறது. அந்த மாவு அரிசி மாவாகவும் இருக்கலாம், மைதாவாகவும் இருக்கலாம். டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். டப்பா சமையலறையில் இருக்கிறது, சமையல்காரர் அடுப்படியில் இருக்கிறார், சாப்பாட்டு நேரத்தில் அவரை அழைத்து "அண்ணா, பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்கும் துணிச்சல் உங்களுக்கு உண்டா?

ரசத்திலும் பெருங்காயம், வத்தக்குழம்பிலும் பெருங்காயம், ஊறுகாயிலும் பெருங்காயம், மோரில் தாளித்ததிலும் பெருங்காயம். மிஞ்சுவது வெறுஞ்சோறும் உப்பும். சாப்பாட்டுக்கு முழு விலையும் வாங்கிக்கொள்வார்கள், அதில் குறை வைக்க மாட்டார்கள்.

"ஒரு நாள் சாப்ட்டா ஒண்ணும் ஆவாதுக்கா. பாப்பா ஆசையாப் பாக்குது பாருங்க."

இந்த "ஒண்ணும் ஆவாது" என்ற மருத்துவத்துக்கு நம் நாட்டில் எல்லோரும் பட்டம் பெற்றவர்கள். ஆகுமா ஆகாதா என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன், மூன்று மாதம் தொடர்ந்து போனால் சீலியாக் நோயாளியின் சிறுகுடல் சிதைகிறது என்று 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. ஒரு பரோட்டாவில் ஏறக்குறைய 5 கிராம் குளூட்டன். அதை நூறாகப் பிய்த்துப் போட்டால் ஒரு துணுக்கில் 50 மில்லிகிராம் வந்துவிடும். நாம் வாயைத் துடைத்துக்கொண்டு சட்டையில் உதிர்க்கும் துணுக்கு அது. குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய முளைகள் மழுங்கிப்போகின்றன. இரும்புச்சத்து ஏறாது, மாத்திரையாகக் கொடுத்தாலும் ஏறாது. பிள்ளை வளராது. வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் வரும் என்றுகூடச் சொல்ல முடியாது. சோகையாக மட்டும் வெளியே தெரியும், சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வருடக்கணக்காக நடப்பார்கள். மருந்து கிடையாது. ஆயுள் முழுக்க அந்தத் தானியத்தைத் தொடாமல் இருப்பதே வைத்தியம். இது உலகத்துக்குத் தெரிந்ததும் பட்டினியால்தான். 1944–45 குளிர்காலத்தில், போரில் ரொட்டி கிடைக்காமல் நெதர்லாந்தே பட்டினி கிடந்தபோது, இந்த நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி சுருண்டார்கள். டிக்கே என்ற குழந்தை மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டு, 1950இல் ஆய்வேடாக எழுதி, கோதுமைதான் குற்றவாளி என்று நிறுவினார். முக்கால் நூற்றாண்டு ஆகிறது. சேதி இன்னும் நம் ஊர்ப் பந்திக்கு வந்து சேரவில்லை.

"எங்க பக்கத்துல இல்லாத வியாதி" என்று நீட்டி முழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மைதான். பி. எஸ். ராமகிருஷ்ணா முதலான மருத்துவர்கள் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேருடைய இரத்தத்தைச் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவு இது: நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடம் இருந்தது, தெற்கே 0.10 விழுக்காட்டினரிடம். மரபணுக் கூறு தெற்கத்தியரிடமும் இருக்கத்தான் செய்கிறது. பெரிய வித்தியாசம் தட்டில்: வடக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். இதைப் படித்ததும் அறிவுள்ள அரசாங்கம் என்ன நினைக்கும்? நல்லவேளை, நம் மக்கள் அந்த 25 கிராமிலேயே நிற்கட்டும் என்று நினைக்கும். நம்முடையது 25ஐ எப்படி உயர்த்தலாம் என்று யோசிக்கிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு யார் சோறு போட்டாலும் கும்பிட வேண்டும், கும்பிட்டாயிற்று. இனி, தொடங்கியபோது போட்ட பட்டியலைப் படிக்கலாமா? ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவா கிச்சடி, சேமியா கிச்சடி, வெள்ளிக்கிழமை தித்திக்க ரவா கேசரி. அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் இல்லாமல் இல்லை. ஆனால் சாமை விளைகிற மலையில், தாத்தன் நட்ட பயிரைத் தின்று வளர்ந்த குடியின் பிள்ளைக்கு, அரசாங்கம் காலையில் எழுப்பி கோதுமையை அறிமுகப்படுத்துகிறது. ஜமுனாமரத்தூர் இருக்கும் அதே மாவட்டத்தின் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகம் சிறுதானியத்துக்கென்றே ஒரு மகத்துவ மையம் வைத்திருக்கிறது. மகத்துவம் அங்கே, உப்புமா இங்கே. இரண்டுக்கும் நடுவே மலைப்பாதை வளைவுகள் அதிகம் போலிருக்கிறது; கோப்புக்குத் தலை சுற்றி வாந்தி வந்திருக்கும்.

ரேஷனைக் கேட்டால், 2023இல் நீலகிரிக்கும் தருமபுரிக்கும் அரிசியில் இரண்டு கிலோவைக் கழித்துக்கொண்டு கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். ஜவ்வாது மலை அந்தச் சோதனையில் இல்லை. சரி, சாமைதான் விளைகிறதே, தாங்களே வைத்துத் தின்னலாமே என்கிறீர்களா? சாமையை அறுத்துவிட்டால் சோறாகிவிடாது. உமி நீக்க வேண்டும். உரலில் குத்துவது பெண்ணின் தோள். அந்தத் தோளுக்குக் கூலி போட்டுப் பார்த்தால் ரேஷன் அரிசி இலவசத்தைவிட மலிவு. ஆகவே மூட்டையோடு விற்றுவிட்டு, வந்த காசில் மளிகை வாங்குகிறார்கள். மளிகையில் மைதா இருக்கிறது. பண்டிகைக்குப் பரோட்டா வாங்கித் தருகிற அப்பன் நல்ல அப்பன். சாமைச் சோறு தின்பது இல்லாதவன் அடையாளம் என்று கீழ்நாட்டார் இரண்டு தலைமுறை சிரித்துவிட்டு, மூன்றாம் தலைமுறையில் அதே சாமையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

2023ஐ மறக்க முடியுமா? உலகச் சிறுதானிய ஆண்டு. இந்தியா கேட்டு ஐ.நா. அறிவித்தது. அந்த பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் சிறுதானியத்துக்கு "ஸ்ரீ அன்னம்" என்று திருநாமம் சூட்டினார்கள். செப்டம்பர் 9ஆம் தேதி டெல்லியில் ஜி20 தலைவர்களுக்குக் குடியரசுத் தலைவர் விருந்து. முதல் தட்டில் தினை. நடுத் தட்டில் பலாக்காய், காட்டுக் காளான், மொறுமொறு சாமை. கடைசியில் குதிரைவாலிப் பாயசம். பலாவும் சாமையும்! ஜவ்வாது மலையே எழுந்து நடந்து டெல்லிக்குப் போய்ப் பீங்கான் தட்டில் படுத்ததுபோல இருந்தது பட்டியல். பக்கத்தில் மும்பை பாவும் பாகர்கானி ரொட்டியும் வைத்தார்கள், அதாவது மைதா. திருநாமம் சூட்டிய மேசையிலும் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, தட்டில் சாமையை வைத்தவர்கள் விலைப்பட்டியலில் வைத்தார்களா? மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகு இருந்தது, கம்பு இருந்தது, சோளம் இருந்தது. சாமை இல்லை. தினை இல்லை. வரகு இல்லை. ஆண்டு முழுக்க மேளம், திருநாமம், தபால்தலை, ஓட்டப்பந்தயம். விலை மட்டும் கிடையாது. திரு சேர்த்துவிட்டோம், காசும் வேண்டுமா என்கிறார்கள். விலை கிடைக்காத மலையிலிருந்து ஆண்கள் கூலிக்கு இறங்குகிறார்கள். எங்கே இறங்கினார்கள், என்ன ஆனார்கள் என்பதற்கு 2015 ஏப்ரல் 7 சேஷாசலக் காடு சாட்சி. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அன்று ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். சாமையைப் பற்றிப் பேசும்போது இதை எதற்கு இழுக்கிறாய் என்று கேட்கிறவர், ஸ்ரீ அன்னத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகலாம்.

இன்னொரு கூட்டத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையோரம் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து இறங்கி வந்து, "நான் குளூட்டன் விட்டுட்டேன் யா" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு பீர் குடிக்கிற கூட்டம். பீர் பார்லியில் செய்வது. எந்த நோயும் இல்லை. ஒரு மாதம் கோதுமையை விட்டதும் இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தது, அந்த மகிழ்ச்சியில் உணவகத்தில் பரிசாரகரைப் படுத்தி எடுக்கிறார்கள். அடுத்த வாரம் அதே கடையில் நாண் கேட்கிறார்கள். பரிசாரகர் என்ன முடிவுக்கு வருவார்? குளூட்டன் என்பது பணக்காரர் கோளாறு, ஒரு துண்டு விழுந்தால் ஒன்றும் ஆகாது என்ற முடிவுக்கு. அதற்குப் பிறகு உண்மையான நோயாளி வந்து கெஞ்சினாலும் "சரி மேடம்" என்று தலையாட்டிவிட்டு அதே கரண்டியை உள்ளே விடுகிறார். உங்கள் இடுப்பளவுக்கு விலை கொடுப்பது அந்தப் பன்னிரண்டு வயதுக் குடல்.

இந்தக் கூட்டத்துக்காகவே வந்ததுதான் பாக்கெட்டு. ஜவ்வாது மலையிலிருந்து மூட்டையில் இறங்கிய சாமை அரைக்கிலோப் பையில் திரும்பிப் பிறக்கிறது. முன்பக்கம் பச்சை இலை, மலைவாழ் பெண்ணின் சிரிப்பு, "குளூட்டன் ஃப்ரீ". சிரித்த பெண்ணுக்கு அந்த விலையில் என்ன பங்கு என்பது பின்பக்கத்திலும் இல்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படிப் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சாமையைத் தீட்டிய ஆலையிலும் அரைத்த மில்லிலும் அதற்கு முந்தின மூட்டை கோதுமையா என்று யார் கேட்டார்? இதைவிடப் பெரிய கூத்து சாமை பிஸ்கட், தினை குக்கி, வரகு நூடுல்ஸ். சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. புரட்டிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் முதலில் நிற்பது மைதாவோ கோதுமை மாவோதான். பெயரில் சாமை, வயிற்றில் மைதா. கட்சி மாறிய வேட்பாளருக்குக்கூட இவ்வளவு தைரியம் வராது.

உணவகத்துக்குச் சட்டம் கிடையாதா என்றால், உண்டு. ஒவ்வாமைப் பொருள் எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்று உணவகம் அறிவிக்க வேண்டும், மத்திய உரிமம் பெற்றதாகவோ பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ உள்ளதாகவோ இருந்தால். ஆக, பெரிய பீட்சாக் கடைக்காரர் தன் பீட்சாவில் கோதுமை இருக்கிறது என்று நமக்கு அறிவிப்பார். ரொம்ப நன்றி. ஜமுனாமரத்தூர்க் கடையும் போளூர்க் கல்யாண மண்டபமும் அந்த வலையில் விழாத சின்ன மீன்கள்.

மண்டபம் என்றதும் அத்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். கடைக்காரர் ஒருமுறை "ஒண்ணும் ஆவாது" என்பதோடு விடுவார். அத்தை விடமாட்டார். "ஒரு வாய் கேசரி, நல்ல காரியத்துக்கு வந்துட்டு இனிப்பைத் தொடாம எந்திரிச்சா எப்படிம்மா? அவங்க மனசு என்ன பாடுபடும்?" மணமக்கள் மனசு படும் பாடு பெரிது, குடல் படும் பாடு அவரவர் தலையெழுத்து. கோயில் பிரசாதம் என்றால் எதிர்வாதமே கிடையாது, சாமி குத்தம். புளியோதரையில் பெருங்காயம் எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று பெருமாளிடமா கேட்பது? பந்தியில் உட்கார்ந்து ஒரு பெண் வெறுஞ்சோறும் தயிரும் தின்றால், "எதோ வியாதியாம், மூடி மறைக்கறாங்க, நாளைக்கு எவன் கட்டிக்குவான்" என்று அடுத்த இலையிலேயே ஜாதகம் எழுதிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோனால் சமைத்தவரை அவமதித்ததாகிறது, போகாமல் இருந்தால் உறவை முறித்ததாகிறது. சாப்பிட்டுவிட்டுப் போய் மூன்று நாள் படுத்துக்கொண்டால் மட்டும் எல்லோருக்கும் திருப்தி.

அம்மாவும் பெண்ணும் எங்கே விட்டோம்? கடையிலிருந்து எழுந்து, விசாரித்து விசாரித்து, ஊருக்கு வெளியே ஒரு மலைக்கிராமத்து வீட்டுக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பாட்டி தனக்கென்று கொஞ்சம் சாமை நிறுத்தி வைத்திருந்தாள், விற்காமல். அவளிடம் குளூட்டன் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "கோதுமை ஒத்துக்காதா? நமக்கெதுக்கு அது" என்று குத்திப் புடைத்து, தன் சட்டியில் பொங்கி, டிபன் பாக்ஸில் அமுக்கிக் கொடுத்துவிட்டாள். தொட்டுக்கொள்ள உப்பும் பச்சை மிளகாயும். அதோடு இருவரும் சிறுதானிய விழாவுக்கு வருகிறார்கள். பந்தலில் சாமைக் கதிர்த் தோரணம். மேடையில் நம் பாரம்பரிய உணவை மீட்டெடுப்பது பற்றிப் பேச்சு; பேச்சாளர் கையருகே தட்டில் சமோசா. வாசலில் மூங்கில் தடுப்பு, அங்கே ஒருவர்.

"பையில இன்னாம்மா?"

"சோறுங்க. புள்ளைக்கு."

"வெளிச் சாப்பாடு உள்ள எடுத்துனு போவக் கூடாதும்மா."

"வெளிச் சாப்பாடு இல்லீங்க. இந்த மலைச் சாமைதான். அவளுக்கு வேற எதுவும் ஆகாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, மேல சொல்லியிருக்காங்க. அந்த மேசைல வெச்சிட்டு டோக்கன் வாங்கினு போங்க. பாப்பாவுக்குப் பசிச்சா உள்ள மொத ஸ்டால்லயே சாமை பிஸ்கட்டு சும்மாவே குடுக்கறாங்க, வாங்கிக் குடுங்க."